வலி குறைவதைவிட நேரம் தவறாமையே பெரிது

உடலில் ஒட்டிக்கொண்டு தோலுக்கு அடியில் மருந்தைச் செலுத்தும் கருவிகளின் முதன்மைப் பயன் ஊசி வலி குறைவதே என்று அவற்றைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை கூறுகிறது. என் பார்வையில் அதைவிடப் பெரியது, மருந்து உரிய நேரத்தில் உடலுக்குள் செல்வதுதான். கீமோதெரபிக்குப் பின் வெள்ளணுக்களைப் பெருக்கத் தரப்படும் பெக்ஃபில்கிராஸ்டிம் மருந்தை, சிகிச்சை முடிந்த 24 மணி நேரத்துக்குள் செலுத்தக் கூடாது என்பதால், களைத்துப்போன நோயாளி அந்த ஓர் ஊசிக்காகவே மறுநாளும் மருத்துவமனைக்கு வர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2014 இறுதியில் அனுமதி பெற்ற ஒட்டுக்கருவியோ, சிகிச்சை நாளிலேயே பொருத்தப்பட்டு, சுமார் 27 மணி நேரம் காத்திருந்து, பின்னர் ஏறத்தாழ 45 நிமிடங்களில் மருந்தை மெல்லச் செலுத்திவிடுகிறது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவருக்கு அந்தப் பயணம் மிச்சமாவது சிறிய விஷயமன்று.

ஆனால் ஒட்டுப்பசை விலகினாலோ மருந்து வெளியே கசிந்தாலோ என்ன ஆகும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. தோலுக்கு அடியில் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்பின் நுண்குழாய் மடங்கிவிட்டால், நீண்ட நேரம் செயல்படும் இன்சுலின் உடலில் இருப்பில் இல்லாத காரணத்தால், முதல் வகை நீரிழிவு உள்ளவருக்குச் சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் அமிலம் பெருகும் கீட்டோஅசிடோசிஸ் என்னும் ஆபத்தான நிலை தொடங்கக்கூடும். எனவே, பார்வையும் செவித்திறனும் மங்கிய முதியவர்கள்கூடத் தவறவிடாத வகையில் ஒளி, ஒலி, அதிர்வு மூன்றிலும் எச்சரிக்கை தரும் கருவிகளையே மருத்துவர்கள் பரிந்துரைக்க வேண்டும்.