தம்பி வாங்கிவந்த காந்தமும் எங்கள் மலைப்பாதையும்

தம்பி 4,200 ரூபாய் கொடுத்து ஒரு காந்தம் வாங்கிவந்தான். விரல் நீளத்தில் இரண்டு துண்டுகள். பெற்றோல் குழாயின் இருபுறமும் வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். அதோடு ஒரு சிறிய போத்தலில் ஏதோ திரவம். பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஒரு மூடி ஊற்ற வேண்டும். "30 சதவீத எரிபொருள் மிச்சம்" என்று பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. தலவாக்கலையில் அவன் முச்சக்கரவண்டி நிறுத்தும் தரிப்பிடத்தில் ஒரே வாரத்தில் ஐந்து பேர் வாங்கியிருக்கிறார்கள்.

எங்கள் அம்மா இன்னும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால், அந்தப் பெட்டியின் விலை அவர் மூன்று நாட்கள் கூடை சுமந்து மலையேறி இறங்கிய உழைப்புக்கும் மேல். அந்தக் கணக்கு மனதில் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"அக்கா, நேற்று லீற்றருக்கு 31 கிலோமீற்றர் ஓடியது" என்றான் தம்பி. அவன் பொய் சொல்கிறவன் அல்ல. எந்தப் பாதையில் ஓடியது என்று கேட்டேன். நுவரெலியாவில் வைத்துத்தான் காந்தத்தைக் கட்டியிருக்கிறான். அங்கே பெற்றோல் நிரப்பிக்கொண்டு, நானுஓயா வழியாக ஆளில்லாமல் தலவாக்கலைக்கு இறங்கி வந்திருக்கிறான். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தலவாக்கலை சுமார் 1,200 மீற்றர். வண்டியைக் கீழே கொண்டுவந்தது பெற்றோல் மட்டுமல்ல, மலையும்தான்.

நம்முடைய மலைநாட்டில் இந்தப் பொருட்கள் இவ்வளவு எளிதாக விலைபோவதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். சமதரையில் ஓட்டுகிறவருக்கு இன்றைய கணக்கும் நாளைய கணக்கும் ஓரளவு ஒத்துப்போகும். இங்கே அப்படியில்லை. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,350 மீற்றர் ஏற்றம். அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 16 மெகாஜூல் சக்தி தேவை. ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது, ஆனால் அதில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. ஆகவே ஓடும் தூரத்துக்கான செலவு ஒருபுறம் இருக்க, உயரம் ஏறுவதற்கு மட்டுமே 2 லீற்றர் போய்விடுகிறது. இறங்கும்போது அந்த 2 லீற்றர் தேவைப்படாது. இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வுக்கு நடுவே எந்தப் பொருளை மாட்டினாலும், இறக்கத்தில் பார்த்தால் அது அதிசயமாகத்தான் தெரியும்.

ஆகவே நானும் தம்பியும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்தோம். தலவாக்கலையில் தாங்கியின் வாய்வரை பெற்றோல் நிரப்புவது, நுவரெலியாவுக்கு ஏறி அதே வழியில் இறங்கி வருவது, அதே இடத்தில் மீண்டும் வாய்வரை நிரப்புவது. வண்டியில் எங்கள் இருவரைத் தவிர வேறு ஆளில்லை. காலையில் காந்தத்தோடு ஒரு சுற்று, பிற்பகலில் கழற்றிவிட்டு ஒரு சுற்று. அடுத்த வாரம் வரிசையை மாற்றினோம். காந்தத்தோடு லீற்றருக்கு 24.1, 23.4, 24.6. காந்தம் இல்லாமல் 23.9, 24.8, 23.7. சுமார் 60 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு 2.5 லீற்றர் செலவாகிறது. நிரப்பும்போது 100 மில்லிலீற்றர் கூடினாலோ குறைந்தாலோ கணக்கு 4 சதவீதம் தவறும். அந்தத் தவறையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டி சொன்னது 30 சதவீதம். அது உண்மையென்றால் 34 வந்திருக்க வேண்டும். இறக்கத்தில் மட்டும் வந்த அந்த 31கூட ஒருமுறையும் திரும்பி வரவில்லை.

காந்தம் பெற்றோலின் மூலக்கூறுகளை ஒழுங்குபடுத்தி முழுமையாக எரியவைக்கிறது என்று விற்றவர் விளக்கினாராம். பெற்றோல் காந்தத்தால் இழுபடும் பொருள் அல்ல. அதை விட்டாலும் இன்னொன்றைக் கவனியுங்கள். பெற்றோலை அளந்து தெளிக்கும் இன்றைய இன்ஜெக்ஷன் கார்களில், இயந்திரம் சூடேறிய பின் உள்ளே போகும் பெற்றோலில் 97, 98 சதவீதம் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. எரியாமல் மிஞ்சும் 2, 3 சதவீதத்தை முழுதாக எரித்தாலும் எங்கிருந்து வரும் 30? வீணாவது எரியாத பெற்றோல் அல்ல, வெப்பம். புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் அது போய்க்கொண்டே இருக்கிறது. குழாயில் கட்டும் எதுவும் அதைத் தடுக்காது. தண்ணீரைப் பிரித்து ஐதரசன் வாயுவை இயந்திரத்துக்குள் அனுப்பும் பெட்டிகளும் இப்போது வருகின்றன. தண்ணீரைப் பிரிக்க வேண்டிய மின்சாரமும் அதே பெற்றோலில் இருந்துதான் வர வேண்டும். போட்டதைவிடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைக்கும்.

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் 1970களிலிருந்து இத்தகைய சாதனங்கள் 100க்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவு எரிபொருளை மிச்சப்படுத்தியது என்று ஒன்றைக்கூட அது கண்டதில்லை. சில சாதனங்கள் இயந்திரத்தைக் கெடுக்கக்கூடும் என்றும் எச்சரித்திருக்கிறது.

போத்தலைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும், ஏனென்றால் சேர்மானம் எல்லாமே பொய் அல்ல. இன்ஜெக்டரிலும் வால்விலும் படியும் அழுக்கைக் கரைக்கும் சேர்மானங்கள் உண்மையில் வேலை செய்கின்றன. அமெரிக்காவில் 1995 முதல் விற்கப்படும் பெற்றோலில் அது கட்டாயம். அழுக்கேறிய இயந்திரம் இழந்ததை அது ஓரளவு மீட்டுத் தரும். சுத்தமான இயந்திரத்துக்குப் புதிதாக எதையும் கொடுக்காது. தம்பியின் போத்தலில் என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதப்படவில்லை. திறந்தால் மண்ணெண்ணெய் வாடைதான் வந்தது. அந்த வாடை நமக்குப் புதிதல்ல. 2022இல் மண்ணெண்ணெய் 87 ரூபாய்க்கு இருந்தபோது எத்தனை பேர் அதைக் கலந்து ஓட்டி இயந்திரத்தைக் கெடுத்துக்கொண்டார்கள் என்று கராஜ்காரர்களைக் கேளுங்கள்.

"மேலே காற்று மெல்லியது, அதனால் ஒக்டேன் கூட்டும் மருந்து ஊற்ற வேண்டும்" என்பது இன்னொரு கதை. உண்மை இதற்கு நேர்மாறானது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம். இயந்திரத்துக்குள் அழுத்தம் குறைவதால் தட்டல், அதாவது பெற்றோல் தானாகவே வெடித்து இயந்திரம் தட்டுவது, ஏற்படும் வாய்ப்பும் குறைகிறது. ஒக்டேன் என்பது அந்தத் தட்டலைத் தாங்கும் அளவே தவிர, பெற்றோலின் பலம் அல்ல. 92 ஒக்டேன் போதும் என்று தயாரிப்பாளர் சொன்ன சாதாரண காருக்கு இங்கே 95 அடிப்பது வீண்செலவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இருந்தால் மட்டும் கையேட்டைப் பாருங்கள்.

இத்தனையும் ஏன் நம்பப்படுகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. 2022 ஜனவரியில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் மாதக் கடைசியில் 470 ரூபாய். பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். அட்டை. முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீற்றர். தம்பியின் வண்டிக்கு அது 120 கிலோமீற்றர். அதற்குள் லீசிங் பணமும் வீட்டுச் செலவும் அடங்க வேண்டும். இரவு முழுக்க வரிசையில் வண்டிக்குள் சுருண்டு படுத்தவனுக்கு "30 சதவீதம்" என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று நான் அறிவேன். ஆனால் அதே ஆண்டில் டொலர் இல்லாமல் எரிபொருள் கப்பல்கள் கடலில் காத்து நின்றன. ஒரு போத்தலால் 30 சதவீதம் மிச்சமாகும் என்றால் நாட்டின் வாகனங்களுக்கெல்லாம் அதைத்தானே முதலில் ஊற்றியிருப்பார்கள்?

எங்கள் அப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர். 1996இல் தமிழ்நாட்டில் ராமர் பிள்ளை மூலிகையிலிருந்து பெற்றோல் எடுத்ததாகச் செய்தி வந்தபோது, அப்பா அந்தப் பத்திரிகைத் துண்டை வெட்டிப் பெட்டியில் வைத்திருந்தார். தமிழன் ஒருவன் உலகத்தையே மாற்றப்போகிறான் என்று பெருமைப்பட்டார். 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மூலிகை என்று விற்றது பெற்றோலியப் பொருட்களின் கலவை என்பதே வழக்கு. அந்தத் தீர்ப்பைக் கேட்க அப்பா உயிரோடு இல்லை. நம்பியவர்களின் ஏழ்மைதான் இந்த வியாபாரத்தின் மூலதனம். அதனால் எனக்குக் கோபம் விற்றவர் மேல், வாங்கியவர் மேல் அல்ல.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. பெற்றோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள் நம்மில் ஏராளம். இன்ஜெக்ஷன் காரில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறங்கும்போது பெற்றோல் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இயந்திரம் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எரிந்துகொண்டிருக்கும். அதாவது மிச்சம் பிடிக்க நினைத்துச் செலவழிக்கிறோம். பழைய கார்புரேட்டர் வண்டியில் சொற்பம் மிஞ்சலாம், ஆனால் இயந்திரத்தின் பிடி போய் முழுப் பாரமும் பிரேக்கில் விழுகிறது. பிரேக் சூடேறினால் பிடிக்காது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வேன் மீதும் முச்சக்கரவண்டி மீதும் மோதி 7 பேர் இறந்தார்கள். முச்சக்கரவண்டிச் சாரதியும் அதில் ஒருவர். அந்த விபத்துக்குக் காரணம் நியூட்ரல் என்று நான் சொல்லவரவில்லை. அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்பதை மறக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தம்பியிடம் இதற்காகச் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

சோதனை ஓட்டங்களின்போது இன்னொன்று தெரியவந்தது. மூன்று டயரிலும் காற்று குறைந்திருந்தது. எயார் பில்டர் தூசியால் அடைபட்டுக் கிடந்தது. கார்புரேட்டர் வண்டியில் அது நேராகப் பெற்றோல் செலவில் தெரியும். கராஜில் 900 ரூபாய் கொடுத்து பில்டரையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்து, டயருக்குச் சரியான அளவு காற்று அடித்தோம். அடுத்த இரு சுற்றுகளில் 25.9, 26.3. விற்றவரின் தொலைபேசிக்கு அதன்பின் எத்தனையோ முறை அழைத்தோம். எடுக்கவில்லை.

தரிப்பிடத்தில் இன்னும் இரண்டு பேர் அந்தப் பெட்டிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பதாகத் தம்பி சொன்னான். வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு வாருங்கள். ஏற்கெனவே வாங்கிய ஐந்து பேரில் ஒருவரின் காந்தத்தை உங்கள் வண்டியிலேயே கட்டி, நுவரெலியாவுக்கு ஏறி இறங்கிப் பார்ப்போம். கொப்பியும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன், பெற்றோல் செலவும் என்னுடையது.