டீச்சர் மட்டும் வளரவே கூடாதா?

ஆசிரியர் பயிற்சியில் ஒரு டீச்சர் அழுத அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. எல்லாரும் பார்த்துச் சிரித்து முடித்தாயிற்று. "உங்களுக்கு மகிழ்ச்சி தருவது எது, மனம்விட்டுச் சொல்லுங்கள்" என்று பயிற்சி நடத்த வந்த கருத்தாளர்தான் மைக்கை நீட்டினார். அந்த டீச்சரும் மனம்விட்டுத்தான் சொன்னார்: "ஒரு நாள் முழுக்க ஃபோனைத் தொடாமப் பாடம் நடத்தணும் சார்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அதைப் படம் பிடித்து, வடிவேலு வசனத்தைப் பின்னணியில் சேர்த்துச் சுற்றில் விட்டது வெளியாள் இல்லை, அதே அறையில் இருந்த நம்மில் ஒருவர்தான்.

அன்றைய பயிற்சி குழந்தைகளின் முழுமையான வளர்ச்சி பற்றியது. இதைவிடப் பொருத்தமான செய்முறை விளக்கம் யாரால் தர முடியும்!

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எதிரில் நிற்கிற ஆசிரியர் மனுஷியாக வளராமல் பிள்ளை முழுமையாக வளராது. பாடத்தை வேண்டுமானால் முடிக்கலாம், படிவத்தை நிரப்பலாம். வளர்க்க முடியாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பாடத்திட்டம் பிள்ளையின் அனைத்து வளர்ச்சிக்கும் உதவ வேண்டும், பயமும் பதற்றமும் இல்லாமல் அது கற்க வேண்டும் என்று 2009-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அருமையான வரிகள். அதே சட்டத்தில் ஆசிரியருக்கு 24-வது பிரிவு: நேரத்துக்கு வர வேண்டும், பாடத்தை முடிக்க வேண்டும், பெற்றோரைச் சந்திக்க வேண்டும், தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. குறை இருந்தால் முறையிடலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியரின் பயத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மெமோவுக்குப் பயந்துகொண்டே வகுப்புக்குள் நுழைகிறவர் பிள்ளையின் பயத்தை எப்படிப் போக்குவார்?

என்னுடையது ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது கணக்கு. வகுப்புகள் ஐந்து என்பதை அந்தக் கணக்கு கண்டுகொள்வதில்லை. காலையில் வருகைப் பதிவு எமிஸ் என்கிற அரசின் இணையப் பதிவில் ஏற வேண்டும், நெட்வொர்க் வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும். நான் மரத்தடியில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன், உள்ளே ஒன்றாம் வகுப்பில் ஒருத்தி பென்சிலால் இன்னொருத்தியைக் குத்தியிருப்பாள். அப்புறம் தேர்தல் வேலை. அதை மறுக்க முடியாது, ஆசிரியரைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிற அதே சட்டத்தின் 27-வது பிரிவே தேர்தலுக்கு விதிவிலக்கு கொடுத்திருக்கிறது.

அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். நல்ல யோசனை, எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. எந்த டீச்சர் அரும்பாக இருக்கிறார், யார் வாடிப்போனார் என்று யாராவது எப்போதாவது பார்த்தீர்களா?

முதன்முதலில் டீச்சராகப் பள்ளிக்குப் போனபோது நானும் திணறியவள்தான். ஒரு நாள் எங்கள் தலைமையாசிரியர் கடைசி வரிசையில் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து என் வகுப்பைக் கவனித்தார். நோட்டு, பேனா எதுவும் கையில் இல்லை. சாயங்காலம் டீ டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, நீ கணக்கு போட்ட நேரம் பூரா அந்தப் பையன் உன் முந்தானையில இருக்கிற மயிலை எண்ணிக்கிட்டிருந்தான். நாளைக்கும் அதே சேலையைக் கட்டிட்டு வா."

கட்டிக்கொண்டு போனேன். வரிசைக்கு நாலு மயில். முந்தானையை மேசைமேல் விரித்துப் போட்டோம். நாலாம் வாய்ப்பாடு அந்தப் பையனுக்கு அன்றைக்கு மயில் மயிலாக வந்தது, கடைசியில் மற்ற பிள்ளைகளுக்கு அவனே சொல்லிக் கொடுத்தான். நான் அதுவரை அவனை மந்தம் என்று நினைத்திருந்தேன். சார் என்னைத் திட்டவுமில்லை, மார்க் போடவுமில்லை. தானும் உட்கார்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அந்த மாதிரி ஒருவர் ஒவ்வொரு பள்ளிக்கும் இருந்தால் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

ஆந்திராவின் ரிஷிவேலியைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன கிராமப் பள்ளிகளின் அனுபவத்திலிருந்து வந்தது, அட்டைகளை வைத்துப் பிள்ளை தானே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் தமிழ்நாடு முழுக்க வந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பிள்ளையோடு தரையில் உட்கார்வதுதான் அதன் உயிர். எங்களுக்கு அட்டை வந்தது, கற்றல் ஏணி வந்தது, எந்தப் பிள்ளை எந்தப் படியில் என்று கேட்க அதிகாரியும் வந்தார். கூட உட்கார மட்டும் யாரும் வரவில்லை.

சரி, இப்போது கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். "சம்பளம் வாங்குறீங்கல்ல?" வாங்குகிறோம். டாக்டரும் வாங்குகிறார், அவர் அழுதால் 'பாவம், வேலைப்பளு' என்கிறீர்கள். டீச்சர் அழுதால் மட்டும் எப்படிச் சம்பளப் பட்டியல் கையோடு வந்துவிடுகிறது? லீவு நாள் எண்ணுகிறவர்களே, காலாண்டு விடுமுறையில் ஆன்லைன் பயிற்சி என்று குறுஞ்செய்தி வரும்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சம்பளம் வாங்குகிறவருக்கு மனசு இருக்கக் கூடாது என்று எந்த அரசாணையில் இருக்கிறது, எண்ணைச் சொல்லுங்கள், வாங்கிப் படிக்கிறேன்.

"உங்க பிள்ளை எங்க படிக்குது?" நியாயமான கேள்விதான். இன்னொரு நாள் பேசலாம்.

"அந்தக் காலத்து வாத்தியார்கள் இதெல்லாம் கேட்டார்களா?" கேட்கவில்லை. அவர்கள் கையில் பிரம்பு இருந்தது. அந்தப் பிரம்பில் வாங்கிய அடியை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆட்களிடம் முழுமையான வளர்ச்சியைப் பற்றி நான் என்ன பேச?

இதில் எல்லாம் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, வருத்தம் வேறொன்றில். அந்த வீடியோவுக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என்னிடம் படித்த ஒருத்தியின் பெயரும் இருந்தது. அவள் பெரிய மனுஷி ஆகிவிட்ட நாளில் என்னிடம்தான் அழுதாள், அவள் அம்மாவிடம்கூட இல்லை. அவள் அழுததைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டுமோ என்னவோ, அப்போதுதான் 'ஸ்ட்ராங்கா' வளர்ந்திருப்பாள்.

அந்த டீச்சருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது என்கிறார்கள். படம் எடுத்தவருக்கு எதுவும் போனதாகத் தெரியவில்லை. அவர் அடுத்த பயிற்சியில் கருத்தாளராகவே வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறவர்கள் தயவுசெய்து முழுப் பதிவையும் எடுங்கள். போன முறை பாதியை மட்டும் வெட்டி வட்டார வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அதற்கு நான் இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.