புதுக்கட்டில் ஆண்டைப் பொறித்த வீடு

இங்கிலாந்தில் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்டில் நியர் சாரி என்ற கிராமத்தில் ஹில் டாப் என்று ஒரு பண்ணை வீடு. முயல் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் 1905இல் வாங்கியது. அங்கே போகிறவர்களில் பெரும்பாலானோர் கதைகளில் வந்த அலமாரியையும் அடுப்பையும் தேடித்தான் போகிறார்கள். தேடட்டும். ஆனால் அந்த வீட்டின் கட்டுமானத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வீடு 17ஆம் நூற்றாண்டுக்காரர்கள் கட்டியது. அந்த ஊர்க் கல், பலகை பலகையாகப் பிளக்கும் அந்த ஊர் ஸ்லேட் கல். வாசலில் ஒரு சின்ன முகப்பு இருக்கிறது பாருங்கள், அதில் செதுக்கல் வேலை எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் பெரிய ஸ்லேட் பலகைகளை அப்படியே நிறுத்தி, மேலே இரண்டைச் சாய்த்து வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் கூரை. வெளிச்சுவரில் பொடிக்கல் கலந்த சுண்ணாம்புக் காரை. இங்கிலாந்திலேயே அதிகமாக மழை கொட்டும் வட்டாரம் அது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை இழுத்தாலும் வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்றுவிடும். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் இதைத் தலையில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

வாங்கியபோது பண்ணையைப் பார்த்துக்கொண்ட குடும்பம் அந்த வீட்டில்தான் இருந்தது. பாட்டர் அவர்களை வெளியேற்றவில்லை. அவர்களும் அங்கேயே இருக்கும்படி பக்கத்தில் ஒரு கட்டைச் சேர்த்தார். அதன் சுவரில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் 1906 என்ற ஆண்டையும் பதித்தார். எனக்கு அந்த வீட்டிலேயே பிடித்தது இதுதான். புதுக்கட்டை முந்நூறு வருடப் பழசு என்று நம்பவைக்க அவர் முயலவில்லை. அதே சமயம் பழைய வீட்டை அமுக்கிவிடும்படியும் கட்டவில்லை. சேர்த்ததைச் சேர்த்தது என்று சொல்லிவிடுவதுதான் பழைய கட்டடத்துக்குச் செய்யும் மரியாதை என்பேன்.

1943இல் அவர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் பல பண்ணைகளையும் பழைய கட்டடங்களையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதிவைத்தார். ஹில் டாப்பில் தான் புழங்கிய அறைகளை வாடகைக்கு விடக்கூடாது என்று உயிலில் சொன்னார். மலைப்பண்ணைகளில் அந்த வட்டாரத்துக்கே உரிய ஹெர்ட்விக் செம்மறி ஆடுகள் கலப்பில்லாமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஆடும் மேய்ச்சலும் போய்விட்டால் இந்த வீடுகள் வெறும் பொம்மைகளாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பழைய வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று வேலி போட்டு, சுற்றியிருக்கும் நிலத்தை விற்றுவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அங்கே போகிறவர்கள் உள்ளே நுழையும் முன் ஒரு சுற்றுச் சுற்றிவந்து அந்த 1906ஐத் தேடிப் பாருங்கள். அலமாரியை அப்புறம் பார்க்கலாம்.