பீர் வித்தா குடி குறையுமாம்!

ரெண்டு நாளா பொறுத்துப் பாத்தேன், முடியல. போன சனிக்கிழமை நைட், இங்க அமெரிக்காவுல என் பொண்ணு படிக்கிற காலேஜோட ஃபுட்பால் கேம்ல நடந்ததை ஞாயித்துக்கிழமை போஸ்ட்லயே படிச்சிருப்பீங்க, திரும்ப முழுசா எழுத எனக்குத் தெம்பில்ல. காலேஜ் மியூசிக் பேண்ட்ல நின்னு வாசிச்சிட்டிருந்த என் பொண்ணு மேல, மேல் வரிசையில இருந்து பாதி பீரோட ஒரு கேன் வந்து விழுந்துச்சு. அவ்ளோதான். இந்த "அவ்ளோதான்" என்னோடது இல்லீங்க, அந்த போஸ்ட் கீழ நம்ம ஆளுங்க சொன்னது. "சார், காலேஜ் ஃபுட்பால்னா அப்படித்தான்"னு ஒருத்தர். "புடிக்கலன்னா வீட்ல உக்காந்து டிவில பாருங்கண்ணே"ன்னு ஒரு தம்பி. ஏன் தம்பி, பாக்கப் போனது நான், வாசிக்கப் போனது அவ. அவ எப்படிப்பா டிவில வாசிப்பா?

நான் கேக்குறது ஒன்னே ஒன்னு. காலேஜ் எதுக்குங்க ஸ்டேடியத்துக்குள்ள பீர் விக்கணும்? பார்ல விக்கட்டும், கடையில விக்கட்டும், டெயில்கேட்டுன்னு மேட்ச்சுக்கு முன்னாடி பார்க்கிங் லாட்ல கூடி, காலையில ஒன்பது மணிக்கே ஐஸ் பெட்டியைத் திறக்குறானே அவன் குடிக்கட்டும், எனக்கென்ன வந்துச்சு. நானும் குடிக்கிறவன்தான். ரெண்டு பீர் உள்ள போனா நான் பாடுற லட்சணம் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், வீடியோவே சுத்துது. ஆனா ஓரியண்டேஷன் அன்னிக்கு பெத்தவங்களை எல்லாம் ஆடிட்டோரியத்துல உக்கார வெச்சு "உங்க பிள்ளைங்களோட குடியைப் பத்திப் பேசுங்க"ன்னு முக்கால் மணி நேரம் பாடம் எடுத்த அதே காலேஜ், சனிக்கிழமை வந்தா கவுண்டர் போட்டு, லைன் கட்டி, கேனைத் திறந்து கையில குடுக்குது பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு எரியுது.

உடனே ஒருத்தர் வெஸ்ட் வர்ஜீனியாவைத் தூக்கிட்டு வருவார். வந்தாச்சு, மூணு பேர் லிங்க் போட்டாச்சு. 2011ல அந்த யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துக்குள்ள பீர் விக்க ஆரம்பிச்சாங்க, போலீஸ் கேஸ் குறைஞ்சுது, அதனால உள்ள வித்தா வெளிய கண்டபடி குடிக்கிறது குறையும், இதுதானே? சரி. குறைஞ்சுது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அதே வருஷம் அவங்க இன்னொன்னும் பண்ணினாங்களே, அதை ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க? அதுவரைக்கும் ஹாஃப் டைம்ல வெளிய போயி காருக்குப் பக்கத்துல நின்னு மூச்சு முட்டக் குடிச்சிட்டுத் திரும்ப உள்ள வரலாம். அதை நிறுத்திட்டாங்க. போனா போனதுதான். ரெண்டு மருந்தை ஒன்னா குடுத்துட்டு காய்ச்சல் இறங்கினது இந்த மாத்திரையாலதான்னு சொன்னா எப்படி? கதவைச் சாத்தினதால கூட குறைஞ்சிருக்கலாம்ல? சரி, கதவை மட்டும் சாத்திப் பாப்போம்னு ஏன் ஒருத்தருக்கும் தோணல? கதவைச் சாத்துறதுல காசு இல்ல.

காசுதாங்க. 2015ல டெக்சாஸ் யுனிவர்சிட்டி, 2016ல ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டின்னு விக்க ஆரம்பிச்சாங்க, 2019ல எஸ்இசிங்கற தென்மாநில காலேஜ் லீக்கே தடையை எடுத்துச்சு, 2023ல மிச்சிகன்ல சட்டத்தையே மாத்தினாங்க, அடுத்த வருஷம் லட்சம் பேருக்கு மேல உக்கார்ற, பிக் ஹவுஸ்னு சொல்ற மிச்சிகன் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துலயும் பீர். இப்போ 2025 ஜூலையில இருந்து ஆட்டக்காரங்களுக்கு காலேஜே நேரடியா காசு குடுக்கலாம்னு ஆயிடுச்சு, முதல் வருஷத்துக்கே ஒரு காலேஜுக்கு 20.5 மில்லியன் டாலர் வரைக்கும். பசங்களுக்குக் குடுக்கட்டும், சந்தோஷம், ரொம்ப வருஷமா சும்மா ஆட விட்டவங்கதானே. ஆனா காசு எங்கிருந்தாவது வந்தாகணும்ல. இதுல தமாஷ் என்னன்னா, 1984ல வந்த சட்டத்துக்கப்புறம் இந்த ஊர்ல 21 வயசு ஆகாம பீர் வாங்க முடியாது, ஆக அந்தக் காசுல பங்கு வாங்குற பத்தொன்பது வயசுப் பையனுக்கே அந்த பீரை வாங்க வயசு பத்தாது.

அதையே நேரா சொல்லிட்டா கூட நான் பேசாம இருந்திருப்பேன். "பணம் வேணும், விக்கிறோம்"னு சொல்லுங்க, கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறேன். பாதுகாப்புக்காக விக்கிறோம், ரசிகர்கள் நலனுக்காக விக்கிறோம்னு சொல்லாதீங்க. பேஸ்பால்ல ஏழாவது இன்னிங்ஸோட பீர் நிறுத்துறது எதுக்குன்னா, வண்டி ஓட்டிட்டுப் போறவனுக்குக் கொஞ்சம் தெளியட்டும்னுதான். 2023ல இத்தனை செகண்டுக்குள்ள பந்தை வீசணும்னு புது கடிகார விதி வந்து மேட்ச் சீக்கிரம் முடிய ஆரம்பிச்சுது. சீக்கிரம் முடியுதுன்னா சீக்கிரம் நிறுத்தணும்ல? சில டீம் எட்டாவது இன்னிங்ஸ் வரைக்கும் நீட்டிட்டாங்க. இதுதான் பாதுகாப்பு.

எங்க காலேஜ் ஸ்டேடியத்துலயும் மூணாவது குவார்ட்டரோட, அதாவது முக்கால் ஆட்டத்தோட, விற்பனை முடியும். அந்தக் கடைசி அஞ்சு நிமிஷம் கவுண்டர்ல நின்னு பாருங்க, ராத்திரி பத்து மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் இறங்குற நேரம் தோத்துடும். ஆளுக்கு ரெண்டு கேன். அந்த ரெண்டாவது கேன்தான் நாலாவது குவார்ட்டர்ல ரெஃப்ரி சொன்னது பிடிக்காம கிளம்பி என் பொண்ணு தோள்ல இறங்குச்சு. எஸ்இசி 2019ல போட்ட விதியில கப்புல ஊத்திதான் குடுக்கணும்னு இருந்துச்சு. எங்க ஊர்ல அப்படியே கேன். கப்பா இருந்திருந்தா நனைஞ்சதோட போயிருக்கும்.

டாஸ்மாக்னு சொன்னதும் ஞாபகம் வருது. நம்ம ஊரை எவ்ளோ திட்டுறோம், அரசாங்கமே சாராயம் விக்குதுன்னு. நானே திட்டியிருக்கேன். ஆனா அந்த டாஸ்மாக் கடைக்கே விதி இருக்குங்க, மாநகராட்சி, நகராட்சின்னா பள்ளிக்கூடம் கல்லூரியில இருந்து 50 மீட்டர், மத்த இடத்துல 100 மீட்டர் தள்ளித்தான் இருக்கணும். அதை எவ்ளோ ஒழுங்கா பாக்குறாங்கங்கறது வேற கதை. இங்க எத்தனை மீட்டர்? காலேஜேதான் கடை.

ஒரு நண்பர் இன்பாக்ஸ்ல கேட்ட கேள்வி மட்டும் கொஞ்சம் உறுத்துச்சு. "மேல சூட்ல, அந்தத் தனி கண்ணாடி ரூம்ல, உக்கார்ற பணக்காரன் காலங்காலமா குடிச்சிட்டுதானே பாத்தான், அப்பெல்லாம் நீங்க ஒன்னும் சொல்லலையே, சாதாரண ஆளு கைக்கு பீர் வந்ததும் மட்டும் ஒழுக்கம் ஞாபகம் வருதா"ன்னார். நியாயம்தான். எஸ்இசியில 2019 வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு, சூட்லயும் கிளப் சீட்லயும் ஓடும், கீழ உக்கார்றவனுக்கு மட்டும் தடை. இதுக்கு எங்கிட்ட சரியான பதில் இல்ல. சூட்லயும் மூடுங்கன்னு சொல்லலாம், யாரும் மூடப் போறதில்லன்னு எனக்கும் தெரியும். ஆனா சூட்ல இருந்து கேன் பறந்து வந்ததா எனக்கு ஞாபகமில்ல, கண்ணாடி இருக்குல்ல.

டென்னசி யுனிவர்சிட்டி கதையை கமெண்ட்ல நான் சொன்னதுக்கும் சண்டைக்கு வந்தாங்க. 2021 அக்டோபர்ல ஓல் மிஸ் கூட, அதான் மிசிசிப்பி யுனிவர்சிட்டி கூட, ஆடினப்ப கடுகு சாஸ் பாட்டில், கால்ஃப் பந்து, தண்ணி பாட்டில்னு மைதானத்துல மழையா பெஞ்சு, ஆட்டமே இருபது நிமிஷம் நின்னு, ரெண்டரை லட்சம் டாலர் ஃபைன் கட்டினாங்களே, அது. "கடுகு பாட்டில் எறிஞ்சவன் குடிச்சிருந்தான்னு உனக்குத் தெரியுமா"ன்னு கேக்குறார் ஒருத்தர். தெரியாதுங்க. கெட்ச்அப்புக்கும் தடை போடணுமான்னு சிரிக்கிறார். சிரிங்க. உங்க பிள்ளை அங்க நிக்கல.

காலேஜுக்கு மெயில் போட்டேன். "கேம் டே அனுபவம் பற்றிய உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு பதில். கூடவே ஒரு சர்வே. முதல் கேள்வி, உணவும் பானமும் எப்படி இருந்தது, ஒன்னுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடவும்.

அன்னிக்கு ராத்திரி ஒரு மணிக்கு பேண்ட் ஹால் வாசல்ல அவளைக் கூட்டிட்டு வந்தேன். "விடுப்பா, இட்ஸ் ஃபைன்"னு சொல்லிட்டு சீட்டை சாய்ச்சுத் தூங்கிட்டா. கார் முழுக்க அந்த வாடை. கண்ணாடியை இறக்கி விட்டேன், குளிருது, திரும்ப ஏத்தினேன். எங்கப்பா மில்லுல இருந்தப்போ சம்பளத்தன்னிக்கு இதே வாடையோட வருவார். யாரையும் அடிச்சதில்ல, திட்டினதில்ல, சிரிச்சிட்டே வந்து படுத்துடுவார். மறுநாள் அம்மா அந்தச் சட்டையை மட்டும் தனி வாளியில ஊற வைப்பாங்க, எங்க ஸ்கூல் யூனிஃபார்மோட சேக்க மாட்டாங்க. இந்த பேண்ட் யூனிஃபார்ம் ட்ரை கிளீனிங்தான் பண்ணணுமாம், தண்ணியில போடக் கூடாதாம். வீட்டுக்குள்ள எடுத்துட்டு வராம கராஜ்லயே ஹேங்கர்ல மாட்டியிருந்தா. நான் சொல்லல, அவளாத்தான் மாட்டினா.

இந்த சனிக்கிழமை ஹோம்கமிங், பழைய மாணவர்கள் எல்லாம் திரும்பி வர்ற மேட்ச். போவேன், அதே பக்கம்தான் டிக்கெட். அறிவுரை சொல்றவங்க இத்தோட நிறுத்திக்கலாம், வீட்டம்மா வேணுங்கறது சொல்லிட்டாங்க.

காலையில பொண்ணு மெசேஜ், "அப்பா அந்த போஸ்டை டிலீட் பண்ணு". பேண்ட் பசங்க யாரோ ட்ரான்ஸ்லேட்டை அமுக்கிப் படிச்சிட்டாங்களாம். டிலீட் பண்ணல. அவ பேரை மட்டும் எடுத்துட்டேன்.