ஐந்நூறு ரூபாய்க் கணக்கு

அந்தக் கண்காட்சி வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக்கல் மாணவர்கள் சாக்கடை மேன்ஹோலுக்குள் இறங்கிக் கசடு அள்ளும் ரோபோ செய்து வைத்திருக்கிறார்கள். நடுவர் கேட்கிறார்: "ஐந்நூறு ரூபா கொடுத்தா ஆள் இறங்கிடுவான். இதை யாரு வாங்குவா?" சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ரிமோட்டைக் கையில் வைத்திருந்த மாணவி பதில் சொல்லாமல் நிற்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது ஐயா. குற்றத்துக்குக் கொடுக்கும் கூலியை வைத்தா அந்தப் பிள்ளைகளின் கருவிக்கு விலை பேசுவீர்கள்?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் செப்டிக் டேங்க் எடுக்க லாரி வந்தது. அடியில் இறுகிய கசடை மோட்டார் இழுக்கவில்லை. கூட வந்த தம்பி சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் நைலான் கயிற்றைக் கட்டினார். "நாத்தம் கம்மிதான் சார், இறங்கிடலாம்" என்றார். கசடிலிருந்து கிளம்பும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடினால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போக வைக்கும். நாற்றம் தெரியவில்லை என்றால் வாயு இல்லை என்று அர்த்தமில்லை. கத்தித்தான் தடுத்தேன். வீட்டுக்காரர் அப்போதும், "மேல ஐந்நூறு தர்றேன், இறங்குப்பா" என்றார். அதே ஐந்நூறு!

"காலேஜ் புராஜெக்ட் எல்லாம் களத்துக்கு வராது" என்பவர்களுக்கு: 2015இல் கோழிக்கோட்டில் மேன்ஹோலில் இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் செத்தார்கள். அது மனதை உலுக்கியதால்தான் கேரளத்தின் குட்டிப்புரம் பொறியியல் கல்லூரியில் படித்த இளைஞர்கள் மேன்ஹோலைச் சுத்தம் செய்யும் பாண்டிகூட் ரோபோவைச் செய்தார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் இறங்கியது. கும்பகோணத்துக்கும் வந்தது. செப்டிக் டேங்குக்கென்றே சென்னை ஐஐடியில் ஹோமோசெப் என்ற ரோபோவைச் செய்தார்கள்.

வேலை போய்விடும் என்று உருகுகிறவர்களே, பாண்டிகூட்டை இயக்கப் பயிற்சி கொடுத்ததே துப்புரவுத் தொழிலாளர்களுக்குத்தான். குறுகலான பழைய குழாயில் இயந்திரம் சிக்கும் என்கிறீர்களா? சிக்கட்டும், இரும்புதானே, இழுத்துக்கொள்ளலாம்.

2023இல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. இறந்த பிறகு 30 லட்சம் தரத் தயார், இறங்காமல் இருக்க ஒரு கருவி வாங்க மட்டும் கணக்குப் பார்ப்போமா? இறங்குபவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று தெரிந்துதானே இந்தத் துணிச்சல்? அந்த நடுவரின் மகன் இறங்க வேண்டியிருந்தால் விலை கேட்டிருப்பாரா? கோபப்படாதே என்று கமெண்டில் வராதீர்கள், படுவேன்.

அந்த மாணவர்களுக்கு இப்போது தேவை, ஓடும் சாக்கடையில் சோதித்துப் பார்க்க அனுமதி. நகராட்சியில் பேசி வாங்கித் தர முடிந்தவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.