நம் ஆய்வுக் கட்டுரைகளைப் பொதுவில் வைக்க என்ன தடை?

2014-15இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலாவுக்கு 11,000 பேருக்கு மேல் பலியானார்கள். லைபீரியாவில் மட்டும் 4,800 பேர். அந்த நாட்டுக்கு எபோலா வரும் என்று யாருக்கும் தெரியாது என்றுதான் அப்போது எல்லோரும் சொன்னார்கள். 2015 ஏப்ரலில் லைபீரியாவின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டான், வேறு இருவரோடு சேர்ந்து நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். அது சொன்னது வேறு. 1982இலேயே ஜெர்மன் ஆய்வாளர்கள் லைபீரிய மக்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்து, எபோலா இருக்கும் நாடுகளில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தரவிறக்க அப்போது 45 டாலர். அங்கே ஒரு மருத்துவருக்கு அது கிட்டத்தட்ட அரை வாரச் சம்பளம்.

விலை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர்களே போதாத நாட்டில், படித்திருந்தாலும் எவ்வளவு செய்திருக்க முடியும் என்பது வேறு கேள்வி. ஆனால் தன் மக்களின் ரத்தத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள அந்த ஊர் மருத்துவர் காசு கட்ட வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அரசுக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் நம் ஊர் நிலையைச் சொல்கிறேன். ஆய்வுக்குப் பணம் மக்களின் வரி. எழுதுவது நாம். மற்றவர்களின் கட்டுரையைச் சரிபார்த்து ரிவ்யூ எழுதுவதும் நாம், அதற்குச் சம்பளம் கிடையாது. கட்டுரை ஏற்கப்பட்டதும் பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுக்கிறோம். பிறகு அதே கட்டுரையைப் படிக்க அரசு மறுபடி சந்தா கட்டுகிறது. எல்சேவியர் போன்ற பதிப்பக நிறுவனங்கள் ஆண்டுக்காண்டு 30 சதவீதத்துக்கும் மேல் லாபம் காட்டுவதில் ஆச்சரியமே இல்லை.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். இதனால் பெரிய நன்மை உண்டு, அதை மறுக்கமாட்டேன். ஐஐடி மாணவர் படிக்கும் இதழை ஒரு மாவட்ட அரசுக் கல்லூரி மாணவியும் திறந்து பார்க்க முடிவது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வகங்களுக்கும்தான். நம் மாநிலத்தில் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் வெளியே. தாலுகா மருத்துவமனை டாக்டர் வெளியே. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் முனைவரும் வெளியே. இவர்களெல்லாம், பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தை நம்பியிருந்தார்கள். 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதையும் முடக்கச் சொல்லிவிட்டது.

சரி, எழுதுகிறவரே கட்டணம் கட்டிவிட்டால் உலகமே இலவசமாகப் படிக்கலாமே என்பார்கள். நேச்சர் இதழ் 2020இல் அதற்கு அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அப்போதே 8 லட்சம் ரூபாய்க்கு மேல். படிக்க முடியாமல் நின்றவரை எழுதவும் முடியாமல் நிறுத்துகிற ஏற்பாடு இது.

இதைவிட நல்ல வழி நம் கையிலேயே இருக்கிறது. 2014 டிசம்பரில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து ஒரு கொள்கையை வெளியிட்டன. தங்கள் பணத்தில் நடந்த ஆய்வு கட்டுரையாக ஏற்கப்பட்டால், அந்த இறுதி வரைவை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இணையக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். பதிப்பகம் அச்சுக்கோத்த பிரதி அல்ல, ரிவ்யூவுக்குப் பிறகு நாம் திருத்தி அனுப்பிய வரைவு. அறிவியல் முழுக்க அதிலேயே இருக்கிறது. பெரிய பதிப்பகங்கள் பலவும் குறிப்பிட்ட காலக் காத்திருப்புக்குப் பிறகு இதை அனுமதிக்கின்றன. இயற்பியல்காரர்கள் 1991 முதல் ஆர்க்சைவ் என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் தங்கள் வரைவுகளைப் போட்டுவருகிறார்கள், அவர்கள் துறை அதனால் கெட்டுப்போகவில்லை.

அப்புறம் ஏன் நம்மில் பெரும்பாலோர் செய்வதில்லை? செய்தால் யாரும் மெச்சப்போவதில்லை, செய்யாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. பதவி உயர்வுக்கு எத்தனை பேப்பர் போட்டீர்கள், எந்த ஜர்னலில் போட்டீர்கள் என்று கேட்கிறார்கள். அதை யார் படிக்க முடியும் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. இந்த எண்ணிக்கைப் பித்துதான் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களையும் வளர்த்துவிட்டது. ஆராய்ச்சி மாணவர்கள் கடன் வாங்கி அவற்றுக்குப் பணம் கட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழகம் இதைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அப்போது அதன் தலைவராக (ரெக்டர்) இருந்த பெர்னார்ட் ரெந்தியே ஒரே ஒரு விதி கொண்டுவந்தார். பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் ஏற்றிய கட்டுரைகள் மட்டுமே பதவி உயர்வுக்குக் கணக்கில் வரும். அபராதம் இல்லை, மிரட்டல் இல்லை. களஞ்சியம் தானாக நிறைந்தது.

இந்த விதியை ஒரு துணைவேந்தர் நாளைக்கே கொண்டுவரலாம். கோடிகள் தேவையில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளை சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றியே தீர வேண்டும் என்று யுஜிசி சொன்னபோது பல்கலைக்கழகங்கள் ஏற்றின. இன்று எந்த ஊரில் இருப்பவரும் லட்சக்கணக்கான ஆய்வேடுகளைக் காசில்லாமல் திறக்கலாம். கட்டுரைகளுக்கு மட்டும் ஏன் தயக்கம்? சந்தா ஒப்பந்தம் 2027இல் முடியும். அதற்குள் இந்த வழக்கம் நம்மிடம் வேரூன்றினால், அடுத்த பேரத்தில் பதிப்பகங்களுக்கு எதிரே அரசு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களே, போன ஆண்டு வந்த உங்கள் கட்டுரையின் இறுதி வரைவு கணினியில் எங்காவது இருக்கும். தேடி எடுங்கள். அந்த ஜர்னலின் விதியைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். விதி புரியவில்லை என்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.