கூஃபாக்ஸின் முதல் ஆறு ஆண்டுகள்

அமெரிக்க பேஸ்பால் வீரர் சாண்டி கூஃபாக்ஸைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அவருடைய உச்ச ஆண்டுகளை மட்டுமே பேசுவது குறையாகப் படுகிறது. 1955 முதல் 1960 வரை 36 வெற்றிகள், 40 தோல்விகள் என்று தடுமாறிய அந்த இடக்கைப் பந்துவீச்சாளரிடம், 1961 பயிற்சிக் காலத்தில் அவருடைய டாட்ஜர்ஸ் அணியின் சக வீரரும் கேட்சருமான (வீசும் பந்தைப் பிடிப்பவர்) நார்ம் ஷெர்ரி, வேகத்தைச் சற்றுக் குறைத்துக் குறி தப்பாமல் வீசச் சொன்ன அறிவுரைதான் பெரும் திருப்பம். 1965இல் மட்டும் 382 ஸ்ட்ரைக் அவுட்டுகள் (மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்குகளில் வெளியேற்றுவது), சிகாகோ கப்ஸ் அணியில் ஒருவரைக்கூட முதல் பேஸை (ஓட்டம் எடுக்கத் தொட வேண்டிய முதல் நிலையை) எட்டவிடாத ஆட்டம், இரண்டே நாள் ஓய்வுக்குப் பின் பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடரான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் மின்னசோட்டா அணிக்கு ஓர் ஓட்டமும் தராத வெற்றி. இத்தனையும் மூட்டழற்சியால் வீங்கிய முழங்கையோடு! மறு ஆண்டு 27 ஆட்டங்களை வென்றபின் 30 வயதில் அவர் விலகியதை 'அவசர முடிவு' என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. கையின் முழு இயக்கத்தையும் காப்பாற்றிக்கொள்ளவே அவர் விலகினார்.